ஆறு வார்த்தைப் பெண்கள்

"ஒரு பிள்ளையப் பத்தி எழுத ஆறு வார்த்தைக்கு மேல எதுக்குட்டி? மூணு வருசம் இங்கிலீசு படிச்சுட்டு வந்து ஏழாவது வார்த்தை என்னத்தக் கண்டுபிடிச்சிரப் போற?"

கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி என்னிடம் இதைக் கேட்டது, நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லேமினேஷன் மெஷினுக்குள் யாருடைய ரேஷன் கார்டையோ நுழைத்துவிட்டு, அது மறுபக்கம் சூடாக வெளியே வருவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுதான். அந்த வீட்டிலிருந்து பி.ஏ. ஆங்கிலம் முடித்து வந்தவளிடம் இப்படிக் கேட்டால் கோபம் வராதா? வந்தது. கோபத்தைவிட மோசமான ஒன்றும் கூடவே வந்தது. அந்த இடத்தில் எடுத்துச் சொல்ல என்னிடம் ஏழாவது வார்த்தை இல்லை.

அண்ணாச்சியின் கடை, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்கள் திரும்பும் முக்கில் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், தலைக்கு மேல் கடகடவென்று ஆடும் ஒரு ஃபேன். ஆனி, ஆடியில் சாரல் விழ ஆரம்பித்தால் கடை முழுக்கக் குற்றாலத்துக்கு வேலை செய்யும். 'ரூம் காலி இல்லை', 'வெந்நீர் உண்டு', 'எண்ணெய் மசாஜ், ஆண்களுக்கு மட்டும்' என்று போர்டு போர்டாக அடித்துக் கொடுப்போம். ஆவணி பிறந்ததும் லாட்ஜ்காரர்கள் போய், பெண்ணைப் பெற்றவர்கள் வருவார்கள். மாப்பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் பெங்களூரிலும் இருந்ததால் பயோடேட்டா இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும். அதற்கென்று அண்ணாச்சி கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைல் வைத்திருந்தார். ஒன்றின் பெயர் 'பொண்ணு ஃபைனல்', இன்னொன்று 'பையன் ஃபைனல்'.

பொண்ணு ஃபைனலில் பெயர், அப்பா பெயர், படிப்பு, பிறந்த நட்சத்திரம் எல்லாம் மாறும். 'குணமும் தோற்றமும்' என்ற பெட்டிக்குள் இருந்த ஆறு மட்டும் மாறாது. ஃபேர், ஸ்லிம், ஹோம்லி, சாஃப்ட் ஸ்போக்கன், காட் ஃபியரிங், அட்ஜஸ்டபிள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான், நெல் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான். காட் ஃபியரிங் என்று போட்டுவிட்டால் எந்த சாமி என்று யாரும் கேட்பதில்லை என்பதில் அண்ணாச்சிக்குத் தனிப் பெருமை. பையன் ஃபைனலில் நான்கே நான்குதான். போல்டு, வெல் செட்டில்டு, பிராட் மைண்டட், கிளீன் ஹேபிட்ஸ். ஆணுக்கு நிறமும் கிடையாது, உடம்பும் கிடையாது. அவன் யாருக்கும் அட்ஜஸ்ட் ஆக வேண்டியதும் கிடையாது.

அந்த ஆறைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைவலி வந்துவிடும். அட்ஜஸ்டபிள் என்பது நாற்காலிக்குச் சொல்கிற வார்த்தை என்று அண்ணாச்சியிடம் ஒருநாள் சொன்னேன். "நாற்காலி மாரி இருந்தாத்தானட்டி மாமியா வீட்டுல எடம் குடுப்பா" என்றார். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். ஒருமுறை வாசுதேவநல்லூரில் ஒரு பையன் வீட்டுக்கு எங்கள் கடைத் தாள்கள் இரண்டு ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தன. அவர்கள் போன் செய்து, "போட்டோ ரெண்டு இருக்கு, பிள்ளை ஒண்ணா ரெண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். கடைக்கு ஏன் போன் செய்தார்கள் என்று கேட்கலாம். ஒவ்வொரு பயோடேட்டாவின் அடியிலும் சின்ன எழுத்தில் கடையின் பெயரும் நம்பரும் இருக்கும். விளம்பரத்துக்காக அண்ணாச்சி போட்டது. பையன் வீட்டார் அதைத் தரகர் நம்பர் என்றே நினைத்துக்கொள்வார்கள். "பிள்ளை நெசமாவே ஃபேரா?" என்று கேட்பார்கள். முகத்தையே பார்த்திராத பெண்ணைப் பற்றி அண்ணாச்சி, "பளிச்சுனு இருப்பா, நம்பி வாங்க" என்பார். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் மேலும் எனக்கு எரிச்சல் இருந்தது. கல்லூரியில் மூன்று வருடம், நான் பார்த்தே இராத பனியையும் கோட்டைகளையும் பற்றி பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். அடுத்த தெருவில் இருக்கும் ஒரு ஆளைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் ஆளுக்கு ஆள் வார்த்தை இருக்கிறது. கமுக்கமாக இருப்பவள் வேறு, அழுத்தக்காரி வேறு. முதலாமவள் விஷயத்தை வெளியே சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். இரண்டாமவள் சொல்லாமல் இருந்தே உங்களை ஜெயித்துவிடுவாள். அகராதி இரண்டு பேருக்கும் 'ரிசர்வ்ட்' என்று ஒரே சட்டையைப் போட்டு அனுப்பிவிடுகிறது. வெடவெடவென்று இருப்பவளும் ஒடிசலாக இருப்பவளும் 'ஸ்லிம்'. முசுடும் சிடுமூஞ்சியும் முன்கோபக்காரனும் 'ஷார்ட் டெம்பர்ட்'. பழைய நோட்டு ஒன்றில் இப்படி ஒரு பக்கம் தமிழும் எதிர்ப்பக்கம் இங்கிலீஷுமாக எழுத ஆரம்பித்தேன். அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சு யாரையாவது திட்டலாம். கட்டிக் குடுக்க முடியாது" என்றார்.

ஆவணி கடைசியில் ஒரு பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். கடையத்துக்காரி. தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் உள்ளே வந்தாள், அவ்வளவு உயரம். அவளுடைய அம்மா ஆனி மாதமே வந்து பொண்ணு ஃபைனலை வாங்கிப் போயிருந்தார். அந்தத் தாளை நம்பி இரண்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டு, வைத்த பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். அவள் தாளை என் மேஜையில் விரித்து, பெட்டிக்குள் விரலை வைத்தாள்.

"அக்கா, இதுல இருக்கது யாரு?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். உட்கார் என்றேன். புதிதாக ஒரு பக்கம் திறந்தேன். உயரம் ஐந்தடி ஒன்பது என்றாள், அடித்தேன். நிறத்துக்கு வந்ததும் எனக்குத் தெரிந்த நாகரிகமான வார்த்தையாக 'டஸ்கி' என்று போட்டேன்.

"அப்படின்னா?"

"கருப்புதான். கொஞ்சம் மங்கலான கருப்பு."

"நான் எங்கக்கா மங்கலா இருக்கேன்? பளிச்சுனு கருப்பால்லா இருக்கேன்!" என்று அவள் சிரித்த சிரிப்பில், ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டஸ்கியை அழித்துவிட்டு 'டார்க்' என்று அடித்தேன். சத்தமாகச் சிரிப்பாள் என்பதையும் சேர்த்தேன்.

குணத்துக்கு வந்தபோது, "வெடுக்கு வெடுக்குனு பேசுதேன்னு எங்கம்மா ஏசும். அதயும் போடுங்க" என்றாள். நோட்டில் தேடினேன். ரூட் என்றால் மரியாதை இல்லாதவள் என்றாகிவிடும், இவள் அப்படி இல்லை. பிளண்ட் என்றால் எனக்கு முனை மழுங்கிய கத்திதான் கண்ணில் வருகிறது, இவளிடம் எதுவும் மழுங்கவில்லை. ஸ்ட்ரெயிட் ஃபார்வர்ட் என்று போட்டால் பையன் ஃபைனலில் சேர்க்கலாம். கால் மணி நேரம் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் வார்த்தை தேடுவதை விட்டுவிட்டு, நினைப்பதைச் சொல்வாள், உடனே சொல்வாள் என்று ஒரு வாக்கியமாகவே இங்கிலீஷில் எழுதினேன். இவ்வளவு எளிதான வழி எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. அவளைப் பற்றி எழுத வேண்டியதற்கு ஒற்றை வார்த்தை கிடையாது. அதன் பிறகு தடங்கல் இல்லாமல் வந்தது. கோபம் வரும், பத்து நிமிடத்தில் போய்விடும். சமையல் சுமார். வண்டி நன்றாக ஓட்டுவாள். எக்ஸ்ரே அறையில் என்ன செய்வாய் என்று கேட்டேன். வயசாளிகள் அந்த மெஷினைப் பார்த்துப் பயப்படுவார்கள், "சும்மா போட்டோதான் ஆச்சி, மூச்ச இழுத்துப் பிடிங்க, சிரிக்கக்கூட வேண்டாம்" என்று தோளைப் பிடித்துக்கொள்வேன் என்றாள். 'அவள் கை வைத்தால் வயதானவர்கள் பயப்படுவதில்லை' என்று கடைசி வரியாக எழுதினேன். படித்துக் காட்டியபோது, "இது நான்தான்" என்றாள். அன்றைக்கு என் மூன்று வருடப் படிப்பு முதல் தடவையாக ஒரு வேலைக்கு ஆனது.

அந்தத் தாள் செங்கோட்டையில் ஒரு பையன் வீட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் கடைக்குப் போன் வந்தது. அண்ணாச்சி எடுத்தார். பையனின் அம்மா பேசுவது எனக்கே கேட்டது. "கோவம் வரும்னுலாம் போட்டிருக்கே அண்ணாச்சி, யாராவது வேணும்னே எழுதுனதா?"

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அய்யய்யோ, அது டைப்பிங் மிஸ்டேக்குமா. புதுசா வந்த பிள்ளை தப்பா அடிச்சிட்டா. இப்பவே சரியானத அனுப்புதேன்" என்றார். சொன்னபடி பொண்ணு ஃபைனலை அனுப்பினார்.

நான் எழுந்து நின்றேன். "எது அண்ணாச்சி மிஸ்டேக்கு?"

"கத்தாதட்டி. இரி. நெசத்த எழுதுனா எவன் வருவான்? வாசலுக்கு வந்தாத்தான பிள்ளையப் பாப்பான்? பாத்தாத்தான பிடிக்கும்? இந்தத் தாளு ஆள வாசல் வரைக்கும் கூட்டிட்டு வரதுக்கு. அதுக்கு மேல அவ சாமர்த்தியம். என் ரெண்டு பிள்ளைகளையும் இதே தாளுலதான் கட்டிக் குடுத்தேன். நல்லாத்தான இருக்காளுவ?"

அவருடைய பெண்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். செங்கோட்டைக்காரர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையத்துக்கு வந்தார்கள். வாசல் வரைக்கும் வந்தார்கள், அண்ணாச்சி சொன்ன மாதிரியே. பெண்ணைப் பார்த்தார்கள். பையனின் அம்மா பையிலிருந்து தாளை எடுத்து ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார், மடித்து உள்ளே வைத்தார். காபிகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் அவள் கடைக்கு வந்து, அண்ணாச்சியைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். "நீங்க எழுதுனதயே விட்டிருந்தா வராமயே இருந்திருப்பாங்கள்லாக்கா? வராம இருந்தா ஒண்ணுமில்ல. வந்து, தாளயும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டுப் போனாவ பாருங்க..." முடிக்காமல் போய்விட்டாள். எழுதியவள் நான், அனுப்பியதைத் தடுக்காதவளும் நான். டைப்பிங் மிஸ்டேக் என்ற பெயரோடு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மாதம் முடியும் மட்டும் இருந்துவிட்டு நின்றுவிட்டேன். கிளம்பும்போது அண்ணாச்சி, "கோவிச்சுக்கிட்டுப் போறியாக்கும்? போ. நல்ல டைப்பிங் உனக்கு. எங்க போனாலும் பொழச்சுக்கிடுவ" என்றார். என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, டைப்பிங்.

இப்போது மேலகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். முதல் மாதமே 'என் நண்பன்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். நாற்பது பிள்ளைகளும் 'ஹி இஸ் எ குட் பாய்' என்று எழுதிக் கொடுத்தார்கள். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்து, குட் என்ற வார்த்தை இல்லாமல் எழுதுங்கள் என்றேன். ஒரு பிள்ளை, "அப்போ அவன் கெட்டவனா மிஸ்?" என்று கேட்டாள். அண்ணாச்சியின் ஃபைலை எல்லோருமே சின்ன வயதிலேயே தலைக்குள் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம் போல.

மூன்று நாளைக்கு முன் அப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, ஈரக்கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். நடவு வயலிலிருந்து திரும்பும் வழியில் அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம். பாவூர்ச்சத்திரத்தில் ஒரு நல்ல பையன் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்றாராம். "உன்னப் பத்தி இங்கிலீசுல அடிச்சுக் குடுத்திருக்காருட்டி. காசுகூட வேண்டாம்னுட்டாரு. படி, கேப்போம்" என்று அப்பா கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

உறைக்குள், வேலைக்குச் சேர்ந்தபோது நான் கடையில் கொடுத்த என் போட்டோ. என் பெயர். பெட்டிக்குள் அந்த ஆறு. சண்டை போட்டுவிட்டு வந்தவளுக்கு அவராகவே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், லேமினேஷன்கூடப் போட்டிருக்கிறார். அந்த மனுஷனின் பிரியத்தை நான் எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வது?

"ஃபேர்" என்று வாசித்தேன்.

"அப்படின்னா?"

"செவப்பா இருப்பான்னு அர்த்தம்பா."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம வம்சத்துல யாருட்டி செவப்பு? சரி, மேல."

"மெதுவாப் பேசுவா."

அப்பா சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"யாரு என்ன சொன்னாலும் ஒத்துப் போவா."

அப்பா என் கையிலிருந்து தாளை வாங்கினார். போட்டோவைப் பார்த்தார். எழுத்துப் பக்கத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பினார். பிறகு கவலையோடு சொன்னார்: "போட்டோ உன்னதுதான். எழுத்து வேற யார் வீட்டுப் பிள்ளைக்கோ அடிச்சது. அண்ணாச்சி பாவம், வேலை அவசரத்துல மாத்தி ஒட்டிட்டாரு. அந்தப் பிள்ளை வீட்டுல தேடுவாவளே! நாளைக்கே கொண்டு போயிக் குடுத்துருட்டி."

நான் சிரித்தேனா அழுதேனா என்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். எழுத்துத் தெரியாத மனிதர் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்ததை, படித்தவர்கள் நாங்கள் வருடக்கணக்கில் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

"அப்ப என்னப் பத்தி நீங்க சொல்லுங்கப்பா. நான் எழுதுதேன்" என்றேன். அவர் வெட்கப்பட்டார். "நான் என்னத்தச் சொல்ல?" என்று இழுத்தவர், கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தார். "ஒரு எடத்துல நிக்க மாட்டா. கேள்வி கேட்டே கொல்லுவா. பேங்க் ஃபாரம் எழுதச் சொன்னா எரிஞ்சு விழுவா, ஆனா எழுதிக் குடுத்துருவா. கோவிச்சா மூணு நாளைக்குப் பேச மாட்டா." அடுப்படியிலிருந்து அம்மா, "நாலு நாளு" என்றாள். "சரி, நாலு. தப்புன்னு பட்டா அப்பன்னும் பாக்க மாட்டா. படிச்சவங்கற கெப்புரு நெறைய உண்டு." கடைசியைச் சொல்லிவிட்டு, "அத எழுதாத" என்றார். எழுதினேன். அதற்கு 'புரௌட்' என்று போட நான் கொஞ்சமும் தயங்கவில்லை. நாலடி பதினொன்று, கருப்பு, முன்பல் லேசாகத் தூக்கல் என்பவற்றை நானே சேர்த்தேன். எல்லாம் முழு வாக்கியங்கள். எழுதி முடித்ததைத் தமிழில் திருப்பிச் சொன்னபோது அப்பா ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார்.

பிறகுதான் அவர் கேட்டார். "அது சரி, அந்தப் பையன் எப்படின்னு போட்டிருக்கு?" உறையில் இன்னொரு தாளும் இருந்தது. பையன் ஃபைனல். போல்டு, வெல் செட்டில்டு, பிராட் மைண்டட், கிளீன் ஹேபிட்ஸ். வாசித்து அர்த்தம் சொன்னேன். "இதுல ஆளே தெரியலயேட்டி" என்றார் அப்பா.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குப் போய், லேமினேஷன் தாளை அண்ணாச்சியிடம் திருப்பிக் கொடுத்தேன். "நல்லதுக்குத்தானட்டி செஞ்சேன்" என்றார். "தெரியும் அண்ணாச்சி" என்றேன். நிஜமாகவே தெரியும். என்னுடைய தாளை நீட்டினேன். புரௌட் என்ற இடத்தில் விரல் வைத்து, "இத மட்டுமாவது எடுத்துருட்டி, பயந்துருவான்" என்று கெஞ்சினார். எடுக்கவில்லை. அவருடைய தாள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த பையன் வீட்டின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்று சாயங்காலம் தாளைப் படம் எடுத்து அந்த நம்பருக்கு அனுப்பினேன். கூடவே தமிழில் இப்படி எழுதினேன்: 'இதற்கு முன் உங்களுக்கு வந்த தாள் என்னைப் பற்றியது அல்ல. இது என் அப்பா சொல்லி நான் எழுதியது. உங்கள் பையனைப் பற்றி இதே மாதிரி ஒரு தாள் வேண்டும். அவரே எழுதலாம், அல்லது அவரை நன்றாகத் தெரிந்த யாராவது சொல்லச் சொல்ல எழுதலாம். அது எங்களுக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதைப் பற்றிப் பேசுவோம்.'